தாமிரச் சுரங்கங்களில் அரிய இரண்டாம் நிலைக் கனிமங்கள் எப்படி உருவாகின்றன?

கேள்வி இதுதான்: தாமிரச் சுரங்கம் என்றாலே பச்சை மாலகைட், நீல அசுரைட் இரண்டையும்தான் எல்லோரும் காட்டுகிறார்கள். அதே சுரங்கங்களில் பெயரே கேள்விப்படாத அரிய கனிமங்களும் கிடைக்கின்றனவாமே, அவை எப்படி உருவாகின்றன? ஏன் ஒரு சில சுரங்கங்களில் மட்டும் கிடைக்கின்றன?

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். தாது பூமிக்கடியில் முதன்முதலாகப் படிந்தபோது இந்தக் கனிமங்கள் எதுவும் அங்கே இல்லை. பின்னால் மழைநீரும் காற்றும் கீழே இறங்கி, தாதுவைக் கரைத்து, கொஞ்சம் தள்ளி வேறு வடிவில் படியவைத்தபோது உண்டானவை இவை. அதனால்தான் இரண்டாம் நிலைக் கனிமங்கள் என்கிறோம். எது உண்டாகும் என்பதைப் பாதி தாது தீர்மானிக்கிறது, மீதிப் பாதியை அந்த இடத்தில் ஓடிய தண்ணீர் தீர்மானிக்கிறது. மாலகைட் உலகம் முழுக்கக் கிடைக்கக் காரணம், அதற்கு வேண்டிய தண்ணீர் உலகம் முழுக்க ஓடுகிறது. ஒரே சுரங்கத்தில் மட்டும் கிடைக்கும் கனிமத்தைப் பார்த்தால், அங்கே தாதுவோ தண்ணீரோ, பெரும்பாலும் இரண்டுமே, வழக்கத்துக்கு மாறாக இருந்திருக்கும்.

இனி விரிவாக. ஆழத்தில் தாமிரம் கந்தகத்தோடு சேர்ந்த சல்பைடாகவே இருக்கும். சால்கோபைரைட், போர்னைட், டென்னன்டைட் எல்லாம் அந்த வகை. கூடவே இரும்பு சல்பைடான பைரைட்டும் தாராளமாக இருக்கும். ஆக்சிஜன் கரைந்த நீர் மேலிருந்து இறங்கும்போது பைரைட்தான் முதலில் சிதைகிறது. அப்போது கந்தக அமிலம் உண்டாகிறது. அந்த அமிலமும் கூடவே உண்டாகும் இரும்பு அயனிகளும் சேர்ந்து பக்கத்திலிருக்கும் தாமிர சல்பைடுகளைக் கரைக்கின்றன. இரும்பு துருவாக மேலேயே தங்கிவிடும். பழைய சுரங்கக்காரர்கள் தரையில் செந்துரு நிறப் பாறை தெரிந்தால் கீழே தாது இருக்கலாம் என்று தோண்டியது இதனால்தான். கரைந்த தாமிரம் நீரோடு கீழே போகும். நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே ஆக்சிஜன் இல்லாத இடத்தை எட்டினால் மறுபடி சல்பைடாகவே, சால்கோசைட்டாகவும் கோவெல்லைட்டாகவும், படிந்துவிடும். அங்கே தாமிரம் செறிந்து கிடப்பதால் சுரங்கக் கம்பெனிகளின் கண் அதன்மேல்தான். கனிமங்களைத் தேடுபவர்களின் கண்ணோ அதற்கு மேலே இருக்கும் ஆக்சிஜனேற்ற மண்டலத்தின்மேல்.

அந்த மண்டலத்தில் அமில நீர் எந்தப் பாறையைச் சந்திக்கிறது என்பது முக்கியம். சுண்ணாம்புக்கல்லோ அதை ஒத்த டோலமைட் பாறையோ என்றால் அமிலம் அங்கேயே முறிந்து கார்பனேட் கிடைக்கும்: மாலகைட், அசுரைட். கார்பனேட் குறைவான பாறை என்றால் சல்பேட்டுகள் நிலைக்கும்: புரோகான்டைட், ஆன்ட்லரைட். சிலிக்கா கரைந்த நீர் என்றால் கிரிசோகொல்லாவும், எப்போதாவது மரகதப் பச்சையில் டயோப்டேஸும். உப்பு நீர் என்றால் அட்டகமைட். இதுவரை சொன்னவற்றில் பெரும்பாலானவை அவ்வளவு அரிதல்ல. இந்தக் கலவையில் ஆர்சனிக், ஈயம், துத்தநாகம், வனேடியம், ஜெர்மானியம், அயோடின் என்று ஒவ்வொன்றாகச் சேரும்போதுதான் கதை மாறுகிறது.

இதற்கு மிகச் சிறந்த உதாரணம் நமீபியாவின் வடக்கே இருக்கும் சூமெப். தாமிரக் கனிமங்களைப் பற்றி ஒரே ஒரு இடத்தைப் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைத்தான் படிக்கச் சொல்வேன். டோலமைட் பாறைக்குள் ஏறக்குறைய செங்குத்தாக இறங்கும் ஒரு குழாய் போன்ற தாதுப் படிவு. தரைக்கு மேலே அது ஒரு பச்சைக் குன்றாகவே நின்றது. ஐரோப்பியர்கள் வருவதற்கு முன்பே அந்தப் பகுதி சான் மக்கள் அங்கே தாமிரத் தாதுவைத் தோண்டி, வடக்கே இருந்த ஓவாம்போ மக்களுக்குக் கொடுத்து வந்தார்கள். 1893 வாக்கில் அங்கே வந்து பார்த்த மேத்யூ ரோஜர்ஸ் என்ற சுரங்கப் பொறியாளர், தன் அனுபவத்தில் இப்படியொரு காட்சியைக் கண்டதில்லை என்று எழுதினார். 1900இல் ஒரு ஜெர்மன் கம்பெனி அமைந்தது. 1906இல் கடற்கரையிலிருந்து ரயில் பாதை வந்து சேர்ந்தது, அடுத்த ஆண்டு உற்பத்தி தொடங்கியது. போர்க்கால இடைவெளிகளோடு 1996 வரை சுரங்கம் ஓடியது.

இதுவரை அங்கே 300க்கும் மேற்பட்ட கனிம இனங்கள் கண்டறியப்பட்டிருக்கின்றன. அவற்றில் 70 அளவில் உலகத்துக்கே முதன்முதலாக அங்கிருந்து விவரிக்கப்பட்டவை. ஏன் இவ்வளவு? இரண்டு காரணங்கள்.

முதலாவது, தாதுவே விசித்திரமானது. தாமிரம், ஈயம், துத்தநாகம் மூன்றும் பெரிய அளவில் ஒன்றாக இருந்தன. கூடவே வெள்ளி, ஆர்சனிக், காட்மியம். அதற்கும் மேலே ஜெர்மானியமும் காலியமும். ஜெர்மானியம் என்ற தனிமத்தை 1886இல் கிளெமென்ஸ் விங்க்லர் கண்டுபிடித்தது ஜெர்மனியின் ஃபிரைபெர்க் பகுதி வெள்ளித் தாது ஒன்றில். புவியோட்டில் அதன் பங்கு பத்து லட்சத்தில் ஒன்றரை அளவுதான். பொதுவாகச் சிலிக்கேட் கனிமங்களுக்குள் சிலிக்கானின் இடத்தில் ஒளிந்துகொண்டு, தனிக் கனிமமாக உருவாகாமலே போய்விடும். சூமெப்பில் அது சல்பைடாகவே சேர்ந்து, ஜெர்மனைட் என்று 1922இல் பெயர் பெற்றது. போர்னைட்டை ஒத்த செந்நிறச் சாயல் கொண்டது, தெரியாதவர்கள் சாதாரணத் தாமிரத் தாது என்று கடந்து போய்விடக்கூடியது. 1947இல் முதல் டிரான்சிஸ்டர் ஜெர்மானியத்தில் செய்யப்பட்ட பிறகு அதற்கு வந்த மதிப்பே வேறு.

இரண்டாவது காரணம்தான் என்னை எப்போதும் வியக்கவைப்பது: தண்ணீரின் பாதை. சாதாரணமாக ஆக்சிஜனேற்ற மண்டலம் மேலே மட்டும்தான் இருக்கும். நீர்மட்டத்தைத் தாண்டினால் அதோடு முடிந்தது, கீழே முழுக்கச் சல்பைடு. சூமெப்பிலும் மேலே அப்படி ஒரு மண்டலம் இருந்தது. அதற்குக் கீழே எதிர்பார்த்தபடி சல்பைடு வந்தது. ஆனால் இன்னும் ஆழமாகப் போனபோது, சுமார் 800 மீட்டருக்குக் கீழே, மறுபடியும் ஓர் ஆக்சிஜனேற்ற மண்டலம் தென்பட்டது! அதற்கும் வெகு கீழே மூன்றாவது ஒன்று. பாறையில் சாய்வாக இறங்கிய ஓர் உடைவு மண்டலம் நிலத்தடி நீரை அவ்வளவு ஆழத்துக்குக் கொண்டுபோயிருக்கிறது. மேல் மண்டலத்தில் கிடைக்கும் தாராளமான ஆக்சிஜன் அங்கே இல்லை, வெப்பநிலையும் கூடுதல். அதே தாது, அதே டோலமைட், ஆனால் வேறு நிபந்தனைகள். அதனால் மேலே காணாத கனிமங்கள் கீழே கிடைத்தன.

ஒரு எடுத்துக்காட்டு. ஆர்சனிக் வழக்கமாக ஆக்சிஜனேற்ற மண்டலத்தில் முழுக்க ஆக்சிஜனேற்றமடைந்து ஆர்சனேட்டாகிவிடும். ஆலிவ் பச்சை ஆலிவனைட், புல் பச்சை கோனிகால்சைட், 1920இல் சூமெப்பிலிருந்து விவரிக்கப்பட்ட டஃப்டைட் எல்லாம் ஆர்சனேட்டுகள். ஆழ்மண்டலத்தில் ஆக்சிஜன் குறைவு என்பதால் ஆர்சனிக் பாதி வழியிலேயே நின்று ஆர்சனைட் என்ற வகைக் கனிமங்களாகியிருக்கிறது. 1958இல் ரைனரைட், 1977இல் லைட்டைட் என்று அந்த வரிசை நீள்கிறது. ஜெர்மானியமும் அப்படியே. ஜெர்மனைட் சிதைந்தபோது அதிலிருந்த ஜெர்மானியம் இரும்போடு சேர்ந்து ஹைட்ராக்சைடாகிப் பழுப்புப் படிகங்களாக நின்றது. அதுதான் 1958இல் விவரிக்கப்பட்ட ஸ்டாட்டைட். காலியம் ஹைட்ராக்சைடான சோன்ஜைட் 1965இல். காலியம் முக்கிய அங்கமாக இருக்கும் கனிமங்களை உலகில் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

சூமெப் மாதிரி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் அவசரப்படாதீர்கள். பத்து மடங்கு உருப்பெருக்கும் கைக்கண்ணாடி போதும். நடுவில் சாம்பல் கலந்த கருப்பில் டென்னன்டைட்டும், பளபளவென்று கனசதுரமாக உடைந்த ஈய சல்பைடான கலீனாவும் இருக்கும். இவை ஆதித் தாது. அதன் விளிம்பு அரிக்கப்பட்டுச் சிறு குழிகளாக இருக்கும். அந்தக் குழிகளின் சுவரில் அசுரைட்டின் கருநீலப் படிகங்கள் நிற்கும். அவற்றில் சில நுனியில் பச்சையாக மாறத் தொடங்கியிருக்கும். சிலவற்றில் உள்ளே முழுக்கப் பச்சை மாலகைட் இழைகள், ஆனால் வெளி உருவம் மட்டும் அசுரைட் படிகத்தின் கூர்மையான முகங்களோடு அப்படியே. இரண்டு பங்கு அசுரைட் ஒரு பங்கு நீரை எடுத்துக்கொண்டு ஒரு பங்கு கார்பன் டை ஆக்சைடை விட்டால் மூன்று பங்கு மாலகைட். காற்றிடைவெளியில் கார்பன் டை ஆக்சைடு குறைந்துபோன ஒரு காலத்தை அந்தப் பச்சை நுனி காட்டிக்கொடுக்கிறது. இதற்கெல்லாம் மேலே, பனித்துளி ஒட்டியதுபோல நிறமற்ற செருசைட் படிகங்கள் ஒன்றையொன்று ஊடுருவி நிற்கலாம். கலீனாவிலிருந்து வந்த ஈயம் அது. எது எதன்மேல் படிந்திருக்கிறது என்று வரிசையாகக் குறித்துக்கொண்டே வந்தால், எந்தத் தண்ணீர் முதலில் வந்தது, எது பின்னால் வந்தது என்பது தெரிந்துவிடும். ஆய்வாளர்கள் செய்வதும் அடிப்படையில் இதைத்தான், கருவிகள் மட்டும் வேறு.

சரி, இப்போது இதற்கு நேர் எதிரான இடத்துக்குப் போவோம். சிலியின் அட்டகாமா பாலைவனம். அங்கே சிறப்பு என்னவென்றால் தண்ணீர் வந்து, பிறகு நின்றுபோனது. அந்தப் பகுதித் தாமிரப் படிவுகளில் தாது கரைந்து செறிந்த காலத்தை, அப்போது கூடவே உருவான ஆலுனைட் என்ற பொட்டாசியக் கனிமத்தை வைத்துக் கணித்திருக்கிறார்கள்: ஏறத்தாழ 3.4 கோடி ஆண்டு முதல் 1.4 கோடி ஆண்டு முன்பு வரை. பிறகு வறட்சி கடுமையாகி அந்தச் செயல் ஓய்ந்துவிட்டது. மற்ற ஊர்களில் முதல் மழையிலேயே கரைந்து போகக்கூடிய கனிமங்கள் இங்கே நிலைத்தன. நம் ஊர் உரக்கடைகளில் மயில்துத்தம் என்று விற்கும் நீலக் கட்டி இருக்கிறதே, போர்டோ கலவைக்குச் சுண்ணாம்போடு கலக்கும் அதே பொருள், அது இயற்கையில் சால்கந்தைட் என்ற கனிமம். தண்ணீரில் உடனே கரையும். சுக்கிகமாட்டா சுரங்கத்தில் அதுவும், கிரோன்கைட் என்ற சோடியம் கலந்த நீலச் சல்பேட்டும் படிவமாகவே கிடந்தன. அந்தச் சுரங்கத்தின் மேல்மட்டத்தில் முக்கியத் தாதுவே ஆன்ட்லரைட் சல்பேட்தான்.

அட்டகாமாவின் நைட்ரேட் உப்புப் படிவுகளில் அயோடினும் இருக்கிறது, அதுவும் முழுக்க ஆக்சிஜனேற்றமடைந்த அயோடேட் வடிவில். அந்த உப்பும் கரைந்த தாமிரமும் சந்தித்த இடத்தில் தாமிர அயோடேட்டுகள் உருவாகின. சுக்கிகமாட்டாவிலிருந்து சேல்சைட் 1939இலும், பெல்லிஞ்செரைட் 1940இலும் விவரிக்கப்பட்டன. தாமிரமும் அயோடேட்டும் இயற்கையில் கைகோப்பதற்கு வேறெங்கே சூழல் அமையும் என்று யோசித்துப் பாருங்கள். பாலைவனமும் வேண்டும், தாமிரமும் வேண்டும், பக்கத்திலேயே அயோடேட் உப்பும் வேண்டும்.

அட்டகமைட் பற்றி இன்னொரு சங்கதி. தாமிரம், குளோரைடு, ஹைட்ராக்சைடு சேர்ந்த கரும்பச்சைக் கனிமம் இது. நன்னீர் நீண்ட காலம் பட்டால் நிலைக்காது. உருவாக உப்பு நீர் வேண்டும், உருவானபின் மழை வரக்கூடாது. இதே குளோரைடு வேதியியல் நமக்கும் தூரமானதல்ல. பழைய வெண்கலச் சிலைகளுக்குள் உப்பு புகுந்தால் தாமிர குளோரைடு உருவாகி, ஈரம் பட்டபோதெல்லாம் வெளிர்பச்சைத் தூளாக வெடித்து உதிரும். வெண்கல நோய் என்பார்கள். உள்ளே இருக்கும் அந்தக் குளோரைடு, சிலியின் நாந்தோகோ என்ற இடத்திலிருந்து பெயர்பெற்ற நாந்தோகைட் கனிமமேதான். உதிரும் பச்சைத் தூள் அட்டகமைட்டின் குடும்பம். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் எஸ். பரமசிவன் பொறுப்பில் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் தொடங்கப்பட்டதே வெண்கலங்களைத் தின்றுகொண்டிருந்த இந்த நோயைச் சமாளிக்கத்தான். நாந்தோகைட் சுரங்கத்திலும் இப்படித்தான் நடந்துகொள்ளும். ஈரக் காற்றில் வைத்தால் பச்சையாக மாறிவிடும். அது அரிதாக இருப்பதன் காரணம் உருவாகாதது அல்ல, நிலைக்காதது.

அதே குடும்பத்தில் இன்று இயற்பியலாளர்கள் அதிகம் பேசும் ஒரு கனிமம் இருக்கிறது: ஹெர்பர்ட்ஸ்மித்தைட். சிலியின் சியரா கோர்டா பகுதியிலிருந்து 2004இல் விவரிக்கப்பட்டது. தாமிரமும் துத்தநாகமும் கலந்த பச்சைக் குளோரைடு. இதில் தாமிர அணுக்கள் தட்டுத் தட்டாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு தட்டிலும் முக்கோணங்கள் மூலைக்கு மூலை தொட்டுக்கொண்டிருக்கும் அமைப்பு. இரண்டு தட்டுகளுக்கு நடுவே காந்தத் தன்மையற்ற துத்தநாகம். ஒவ்வொரு தாமிர அணுவும் ஒரு சிறு காந்தம். பக்கத்துக் காந்தத்துக்கு எதிர்த் திசையில் நிற்கப் பார்க்கும். முக்கோணத்தில் இரண்டு எதிரெதிராக நின்றுவிட்டால் மூன்றாவது எந்தப் பக்கம் நிற்பது? இந்த முட்டுக்கட்டையால், குளிரின் கடைசி எல்லையான தனிச்சுழி வெப்பநிலைக்கு மிக அருகில் குளிர்வித்தும் காந்தங்கள் ஒழுங்குக்கு வருவதில்லை. இப்படியொரு நிலை இருக்கலாம் என்று இயற்பியலாளர் பிலிப் ஆண்டர்சன் 1973இலேயே முன்வைத்தார். 2005இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் இந்தக் கனிமத்தைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். 2012இல் வளர்த்தெடுத்த படிகங்களில் நியூட்ரான் சிதறல் ஆய்வு செய்து, அத்தகைய குவாண்டம் சுழல் திரவ நிலைக்கு வலுவான சான்று காட்டினார்கள். விவாதம் இன்னும் தொடர்கிறது. அட்டகாமாவில் உப்பு நீரும் துத்தநாகமும் தற்செயலாகச் சந்தித்து உண்டான ஒரு பச்சைப் பூச்சு இவ்வளவு தூரம் போயிருக்கிறது.

அரிது என்ற சொல்லை இவ்வளவு நேரம் தாராளமாகப் பயன்படுத்திவிட்டேன். அதற்கு ஒரு வரையறை உண்டு. ராபர்ட் ஹேசனும் ஜெஸ்ஸி ஆசுபெலும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து அல்லது அதற்குக் குறைவான இடங்களில் மட்டும் கிடைப்பதை அரிய கனிமம் என்று வைத்துக்கொண்டார்கள். அன்று அறிந்திருந்த ஐயாயிரத்துச் சொச்சம் கனிமங்களில் ஏறக்குறைய பாதி அந்த வரையறைக்குள் வந்தன. காரணங்களையும் நான்காகப் பிரித்தார்கள். அவற்றில் மூன்றை மேலே ஏற்கெனவே பார்த்துவிட்டோம்: அரிய தனிமம் வேண்டியிருப்பது ஸ்டாட்டைட்டுக்கும் சோன்ஜைட்டுக்கும், மிகக் குறுகிய நிபந்தனைகளில் மட்டும் உருவாவது ஆர்சனைட்டுகளுக்கும் சேல்சைட்டுக்கும், சீக்கிரம் அழிந்துபோவது நாந்தோகைட்டுக்கும். நான்காவது, யாரும் போகாத இடத்தில் இருப்பது அல்லது கண்ணில் பட்டும் அடையாளம் தெரியாமல் போவது. தாமிரப் படிவுகளைப் பொறுத்தவரை இந்த நான்காவதற்கு நாம் கொடுக்கும் கவனம் போதாது என்பது என் கருத்து. ஆக்சிஜனேற்ற மண்டலம்தான் தரைக்கு அருகில் இருப்பது, முதலில் தோண்டி உருக்காலைக்கு அனுப்பப்படுவதும் அதுதான். கனிமவியல் அறிந்த ஒருவர் பார்ப்பதற்கு முன்பே எத்தனையோ சுரங்கங்களில் அந்த மண்டலம் முழுக்கப் போய்விட்டது.

இங்கிலாந்தின் கார்ன்வாலில் அப்படி முழுக்கப் போகாமல் காப்பாற்றியது, சேகரிப்பவர்கள் சரியான நேரத்தில் அங்கே இருந்ததுதான். வீல் கார்லண்ட் என்ற சுரங்கத்தில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வான்நீல நிறத்தில் ஒரு தாமிர அலுமினிய ஆர்சனேட் கிடைத்தது. லிரோகோனைட் என்று பெயர். அந்தத் தரத்தில் அது பிறகு வேறெங்கும் கிடைத்ததில்லை. 1811இல் இறந்த பிலிப் ராஷ்லி போன்றவர்கள் அந்த வட்டாரச் சுரங்கங்களிலிருந்து வாங்கிச் சேர்த்து வைத்ததால்தான் கார்ன்வால் கனிமங்களை ட்ரூரோ அருங்காட்சியகத்தில் இன்று பார்க்க முடிகிறது.

கடைசியாக, இவற்றை அடையாளம் காண விரும்புபவர்களுக்குச் சில வார்த்தைகள். நிறத்தை நம்பாதீர்கள். மாலகைட், புரோகான்டைட், அட்டகமைட், கோனிகால்சைட் எல்லாமே பச்சை. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் மாலகைட் நுரைக்கும், புரோகான்டைட் நுரைக்காமல் அமைதியாகக் கரையும். இதுவரை வீட்டிலேயே செய்யலாம். ஆனால் கோனிகால்சைட்டும் டஃப்டைட்டும் முன்னதில் கால்சியம், பின்னதில் ஈயம் என்பதைத் தவிர ஏறக்குறைய ஒரே அமைப்பு. இவற்றைக் கண்ணால் பிரிப்பேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு ஆய்வும் வேதிப் பகுப்பாய்வும் வேண்டும். சந்தையில் பெரிய, பளிச்சென்ற சால்கந்தைட் படிகங்களைக் கண்டால் சந்தேகப்படுங்கள். அவற்றில் பெரும்பாலானவை பாத்திரத்தில் வளர்த்துப் பாறைமேல் ஒட்டியவை. ஆர்சனேட் கனிமங்களைத் தொட்டபின் கையைக் கழுவுங்கள், உடைத்துத் தூளாக்காதீர்கள்.

அப்புறம், மாதிரி எதை வாங்கினாலும் எந்தச் சுரங்கம், எந்த மட்டம் என்ற சீட்டோடு வாங்குங்கள். சூமெப்பில் ஒரு கனிமம் மேல் மண்டலத்திலிருந்து வந்ததா, 800 மீட்டருக்குக் கீழிருந்து வந்ததா என்பது அந்தச் சீட்டில் மட்டும்தான் இருக்கும். சுரங்கம் மூடியாயிற்று, திரும்பப் போய்ச் சரிபார்க்க வழியில்லை.